பலாப்பாலில் சிக்கிய மடக்குக்கத்தி

ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவராக, வேலை செய்து ஓய்வு பெற்ற என் மாமனாரிடம் பக் 110 ரக மடக்குக்கத்தி ஒன்று இருக்கிறது. 1964இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, முதுகுப்பூட்டுக் கத்தி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் அந்தக் கத்தி வேட்டைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அது வேட்டையாடியது பெரும்பாலும் பலாப்பழங்களைத்தான்.

போன பள்ளி விடுமுறையில் அதன் பூட்டு விழ மறுத்தது. இவ்வகைக் கத்தியை விரித்ததும், கைப்பிடியின் முதுகில் ஓடும் எஃகுச் சட்டத்தின் மூக்கு, அலகின் அடியிலுள்ள வெட்டுக்குள் இறங்கி, பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் அங்கேயே நிற்க வேண்டும். அந்த வெட்டுக்குள் பலாப்பால் உறைந்து கிடந்ததால், ‘டக்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘சத்’ என்று கேட்டது. அலகும் மேலும் கீழும் ஆடியது. ஆடுகிற பூட்டு பாதி வேலையில் விரலின் மேல் மடங்கலாம் என்பதால் மாமனார் கத்தியை மேசையில் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் புதிதாக வாங்கிய திருப்புளிப் பெட்டியுடன் மைத்துனன் வந்து சேர்ந்தான். “கழட்டிக் கழுவிட்டா போச்சுப்பா” என்று கத்தியைக் கையில் எடுத்தவன், திருகாணியைத் தேடி அதை எல்லாப் பக்கமும் திருப்பினான். அந்தக் கத்தியில் திருகாணியே கிடையாது; பாகங்களைப் பிணைக்கும் ஊசிகளை அடித்து, பித்தளையோடு பித்தளையாகத் தேய்த்துவிட்டிருப்பார்கள். அதைப் பிரிப்பதென்றால் உடைப்பதற்குச் சமம். “தப்பா செஞ்சிருக்கான்” என்று அறிவித்த மைத்துனன், கழற்றும் கலையை எங்களுக்குக் காட்டியே தீருவதென்று தன் சொந்தக் கத்தியை வெளியே எடுத்தான்.

அது திருகாணி வைத்த முதுகுப்பூட்டுக் கத்தி. திருகாணிகளில் பசை போட்டிருந்ததால் மனைவியின் தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டினான். அதுவரை முறையாகத்தான் நடந்தது. ஒரு பக்கத் தகட்டைத் தூக்கியவுடன், உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருந்த ஸ்பிரிங் விடுதலை பெற்றுப் பறந்தது. குளிர்பெட்டியிலிருந்த காந்தப் பொம்மையைக் கயிற்றில் கட்டி, அலமாரிக்கு அடியில் நாங்கள் துழாவ ஆரம்பித்தோம்.

இதற்கிடையில் அத்தை, பலாச்சுளை எடுத்த கையில் வழக்கமாகத் தடவும் தேங்காயெண்ணெயையே பக் கத்தியின் பூட்டு வெட்டிலும் ஊற்றி, பல்குத்தியால் பாலைச் சுரண்டி எடுத்தார். சமையல் எண்ணெயை உள்ளேயே விட்டால் நாளடைவில் அதுவே பிசினாகிவிடும் என்று நான் சொன்னதும், சோப்பு கலந்த சுடுநீரில் கழுவி நன்றாக உலர்த்தினார். தையல் எந்திர எண்ணெயில் ஒரு சொட்டை அலகு சுழலும் இடத்தில் விட்டதும் பூட்டு பழையபடி ‘டக்’ என்று விழுந்தது. வெளியிலிருந்தே எட்டும் இடத்தில் அழுக்கு படிந்த கத்திக்கு இவ்வளவு போதும். பூட்டு இன்னும் சரியாக விழாமலிருந்தால் அப்புறம் யோசிக்கலாம்.

ஸ்பிரிங்கும் கிடைத்தது. பழம் வெட்ட விரித்திருந்த நாளிதழில், பலாப்பால் சிந்திய இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப மாட்டுவதற்கு, சட்டத்தை ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்திப் பிடித்து, ஊசித் துளைகளை நேராக்கி, தகட்டையும் வைத்து மூட வேண்டும். மூன்று பேருடைய கைகள் அதற்குத் தேவைப்பட்டன. எல்லாம் முடிந்து மாமனார் மேசையைத் துடைத்தபோது, துணியோடு ஒரு திருகாணி உருண்டு வந்தது.

“அது அதிகப்படிப்பா” என்றான் மைத்துனன்.