பழைய சி.டி நோட்ஸை மூட்டை கட்டுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பி.எஸ்சி கணிதமோ புள்ளியியலோ படிக்கிற பிள்ளைகள் ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியங்களின் இடரைக் கணக்கிடும் நிபுணர்) தேர்வுக்கு இறங்கினால், கைக்கு முதலில் வருவது சீனியர் யாராவது கொடுத்த ஜெராக்ஸ் கட்டுதான். அட்டையில் சி.டி (CT) 1, சி.டி 3, சி.டி 6 என்று, பழைய தேர்வுத் தாள்களின் பெயர் இருக்கும். அந்தத் தாள்கள் 2019-லேயே போய்விட்டன. கணக்கு மாறவில்லை, உண்மைதான். ஆனால் எந்தப் பாடம் எந்தத் தாளில் வருகிறது, அதை எப்படிக் கேட்கிறார்கள் என்ற இரண்டுமே மாறிவிட்டன.

இந்தத் தகுதியை இங்கே வழங்குவது இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா. 1944-ல் ஒரு சங்கமாகத் தொடங்கி, 2006-ம் ஆண்டின் ஆக்சுவரீஸ் சட்டத்தால் சட்டபூர்வ அமைப்பானது. பாடத்திட்டம் பெரும்பாலும் இங்கிலாந்து அமைப்பின் பாடத்திட்டத்தை ஒட்டியே வரும். அதனால் 2019-ல் அங்கே மாறியபோது இங்கேயும் மாறியது.

இப்போதைய அமைப்பு இப்படி. அடிப்படைத் தாள்கள் 7: புள்ளியியலுக்கு சி.எஸ் 1, சி.எஸ் 2, கணிதத்துக்கு சி.எம் 1, சி.எம் 2, வணிகத்துக்கு சி.பி 1, சி.பி 2, சி.பி 3. இந்த 'சி.பி'யில் இருப்பது ஆங்கில B (CB). அதன் பின்னே வரும் மூன்று நடைமுறைத் தாள்களின் பெயரும் தமிழில் எழுதினால் சி.பி என்றே வந்து தொலைகிறது. அவற்றின் எழுத்து ஆங்கில P (CP). குழப்பம் வேண்டாம் என்று இவற்றை 'நடைமுறை 1, 2, 3' என்றே எழுதுகிறேன். இந்தப் பத்தும் முடிந்தால் அசோசியேட் நிலைக்கான தாள்கள் முடிந்தன. அதற்கு மேல், தேர்ந்தெடுக்கும் துறைக்கான சிறப்புத் தாள்கள்: எஸ்.பி (SP) தாள் 2, எஸ்.ஏ (SA) தாள் 1. ஆக மொத்தம் 13. முழுத் தகுதியான ஃபெல்லோ ஆக தாள்கள் மட்டும் போதாது, வேலை அனுபவமும் வேண்டும்.

பழைய நோட்ஸ் எங்கே காலை வாரும் என்பதற்கு சி.டி 6 ஒன்றே போதும். அது ஒரே தாளாக இருந்தது. இப்போது அதிலிருந்த பேயஸ் முறை, கிரெடிபிலிட்டி, ஜி.எல்.எம் (பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரி) மூன்றும் சி.எஸ் 1-ல். இழப்புப் பரவல்களும் டைம் சீரிஸும் சி.எஸ் 2-ல். ரூயின் தியரியும் (காப்பீட்டு நிறுவனம் நொடிக்கும் வாய்ப்பு) ரன்-ஆஃப் முக்கோணமும் (இன்னும் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் கணிக்கும் அட்டவணை) சி.எம் 2-ல். 'சி.எஸ் 1 என்றால் பழைய சி.டி 3-தானே' என்று அந்தக் கட்டை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர், ஜி.எல்.எம் கேள்வியைத் தேர்வு அறையில்தான் முதல்முறை பார்ப்பார். சி.எஸ் 2-ல் இருக்கும் மெஷின் லேர்னிங் பகுதி எந்தப் பழைய கட்டிலும் கிடையாது. சி.எம் 1 கொஞ்சம் நேர்வழி: சி.டி 1-ன் வட்டிக் கணக்கும் சி.டி 5-ன் ஆயுள் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்தது. முன்பு இரண்டு தேர்வாக எழுதியதை ஒரே மூச்சில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை.

வட்டிக் கணக்கில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கைமுதல் உண்டு. 'இரண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று விளக்க வேண்டியதில்லை. அதை ஆண்டுக்கு 24 சதவீதம் என்று சொல்வது பெயரளவு வட்டி. மாதாமாதம் வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 1.02-ஐ 12 முறை பெருக்க வேண்டும், வருவது 26.82 சதவீதம். இதுதான் பயனுறு வட்டி. ஒரு வட்டிக்கு 12.68, மூன்று வட்டிக்கு 42.58. சி.எம் 1-ன் முதல் அத்தியாயங்கள் முழுக்க இந்த வித்தியாசம்தான். கேள்வியில் 'ஆண்டுக்கு 12 சதவீதம், மாதாமாதம் வட்டி சேரும்' என்று இருப்பதை அப்படியே 0.12 என்று போட்டு மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறைய.

பெரிய மாற்றம் கணினித் தாள். சி.எஸ் 1, 2, சி.எம் 1, 2 ஆகிய நான்குக்கும் தலா இரண்டு பகுதி. 'ஏ' பகுதி வழக்கமான எழுத்துத் தேர்வு, 70 சதவீதம். 'பி' பகுதி கணினியில், 30 சதவீதம். சி.எஸ் தாள்களுக்கு ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள், சி.எம் தாள்களுக்கு எக்செல். இரண்டையும் கூட்டித்தான் தேர்ச்சி. ஏ-யில் நன்றாக எழுதினேன், பி-யைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு இடமில்லை.

எக்செல்லில் என்ன கேட்பார்கள்? ஒரு லட்சம் கடன், ஆண்டுக்கு 6 சதவீதம், 10 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஏ' பகுதியில் மஞ்சள் அட்டவணைப் புத்தகத்தைத் திறந்து 7.3601-ஆல் வகுத்தால் தவணை 13,586.77 ரூபாய் (முழுத் துல்லியத்தில் 13,586.80). 'பி' பகுதியில் முழு அட்டவணையையும் போடச் சொல்வார்கள். முதல் ஆண்டு வட்டி 6,000, அசலில் கழிவது 7,586.80, மீதி 92,413.20, இப்படிப் பத்து வரி. பத்தாம் வரியின் மீதி பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வட்டி விகிதம் இருக்கும் கட்டத்துக்கு டாலர் குறி போடாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்திருப்பீர்கள், அது வெற்றுக் கட்டத்துக்கு நகர்ந்திருக்கும். இன்னொன்று, தவணையை 13,587 என்று முழுமையாக்கிக் கையால் தட்டியிருப்பீர்கள். எண்ணைத் தட்டாதீர்கள், கட்டத்தைச் சுட்டுங்கள். அடுத்த உட்பிரிவில் வட்டியை 7 சதவீதமாக மாற்றச் சொன்னால், கையால் தட்டிய எண் அப்படியே நிற்கும், அதன் கீழே இருப்பதெல்லாம் தப்பாகும்.

ஆயுள் கணக்கில் அதைவிட நுட்பமான பள்ளம். ஏ.எம் 92 என்ற இறப்பு விகித அட்டவணையில் பாலிசி எடுத்த முதல் இரண்டு ஆண்டுக்குத் தனி நெடுவரிசை உண்டு, வயதைச் சதுர அடைப்புக்குள் போட்டுக் காட்டுவார்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்து புதிதாகச் சேர்ந்தவர் சாகும் வாய்ப்பு குறைவு என்பதுதான் காரணம். கேள்வியில் அடைப்பு இருந்தும் கடைசி நெடுவரிசையை எடுத்தால் விடை அருகில் வந்து நிற்கும், ஆனால் தப்பு. பக்கத்தில் வந்துவிடுவதால் சந்தேகமும் வராது.

ஆர் பக்கம் வந்தால், கட்டளை தெரியாமல் தோற்பவர்களைவிட எல்லை தெரியாமல் தோற்பவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. பாய்சான் பரவல், சராசரி 2. நான்கோ அதற்கு மேலோ கோரிக்கை வரும் வாய்ப்பு என்ன? ஆர் தருகிற கூட்டு நிகழ்தகவு 'அந்த எண் வரைக்கும், அதையும் சேர்த்து'. ஆகவே மொத்தமான 1-லிருந்து, 3 வரையான கூட்டு நிகழ்தகவைக் கழிக்க வேண்டும்: 0.1429. நான்கைப் போட்டுக் கழித்தால் 0.0527. இரண்டுமே 'நிகழ்தகவு மாதிரி' இருப்பதால் கண் கண்டுபிடிக்காது. ரேண்டம் எண் கேள்வியில் கொடுத்திருக்கும் சீட் (seed) எண்ணை, அதாவது தொடக்க எண்ணை முதலில் போடாவிட்டால் உங்கள் விடை யாருடைய விடையோடும் ஒத்துவராது. வெளியீட்டை மட்டும் ஒட்டிவிட்டு ஒரு வரி விளக்கம் எழுதாமல் விடுவதும் வழக்கமான இழப்பு.

ஆர் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை. பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ இருந்துகொண்டு படிக்கத் தடையில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஏ.சி.இ.டி (ACET) என்ற ஆக்சுவரியல் பொது நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடித்தால் போதும். 3 மணி நேரம், 70 கேள்வி, 100 மதிப்பெண்: கணிதம் 30, புள்ளியியல் 30, டேட்டா 15, ஆங்கிலம் 15, தர்க்கம் 10. தமிழ் வழியில் படித்தவர்கள் அந்த 15-ஐப் பார்த்தே பின்வாங்குகிறார்கள். கணிதமும் புள்ளியியலும் 60, அங்கேயே தேறிவிடலாம். ஆங்கிலம் நிஜமாகவே தேவைப்படுவது பின்னால், நடைமுறை 3-ல். கணக்கு தெரியாத ஒருவருக்குக் கணக்கின் முடிவை எழுதிப் புரியவைக்கும் தாள் அது. அதற்குச் சில ஆண்டு அவகாசம் இருக்கிறது, இன்றே தொடங்கினால்.

எஸ்.பி தாளைத் தேர்ந்தெடுக்கும்போது எஸ்.ஏ தாளையும் சேர்த்து யோசியுங்கள். பொதுக் காப்பீடு என்றால் எஸ்.பி 7, எஸ்.பி 8, பிறகு எஸ்.ஏ 3. ஆயுள் காப்பீடு என்றால் எஸ்.பி 2, எஸ்.ஏ 2. ஓய்வூதியம் 4, 4. எஸ்.பி 3 என்று ஒன்று இல்லை, தேட வேண்டாம்.

தேர்வு மையத்துக்கு நமக்குக் கிட்டே பெங்களூருதான். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். தூரம் பிரச்சினையில்லை, அத்திப்பள்ளி தாண்டியபின் வரும் நெரிசல்தான் பிரச்சினை. முந்தின இரவே ஓசூரிலோ பெங்களூரிலோ போய்த் தங்கிவிடுவது நல்லது.

பதிவு செய்யும்போது பெயரைக் கவனியுங்கள். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இருக்கும். நமக்கு இருப்பது முன்னெழுத்து. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, படிவத்தில் மூன்றாவது விதமாக என்று இருந்தால் அடையாளச் சரிபார்ப்பில் நிற்க வேண்டி வரும். ஏ.சி.இ.டி படிவத்தை நிரப்பும் முன்பே ஆதாரையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.