பாட்டியின் நோட்டில் பன்னிரண்டு முட்டை

கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், பேக்கிங் வகுப்புக்கு யாராவது பாட்டியின் பழைய நோட்டோடு வந்துவிடுவார்கள். நாகர்கோவில், பாளையங்கோட்டைப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் நோட்டுகளில் கேக்குக்கான கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மைதா ஒரு பவுண்டு, சீனி ஒரு பவுண்டு, வெண்ணெய் ஒரு பவுண்டு, முட்டை 12. “எழுதியிருந்தபடியேதான் செய்தேன், நடுவில் அமுங்கி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது” என்பார்கள்.

நோட்டில் பிழை இல்லை. அந்தக் கையெழுத்தை அடித்துத் திருத்த வேண்டாம். பாட்டி உடைத்தது நாட்டுக்கோழி முட்டை. ஓடு போக 35 கிராம் தேறும். பன்னிரண்டுக்கு 420 கிராம், அதாவது பவுண்டுக்கு (454 கிராம்) கொஞ்சம் குறைவு. இப்போதைய பண்ணை முட்டை ஓடு போகவே 50 கிராம் நிற்கும். பன்னிரண்டு போட்டால் 600 கிராம். அத்தனை ஈரத்தை ஒரு பவுண்டு மாவு தாங்காது. ஒன்பது முட்டை போதும். அதைவிட நல்லது, ஐந்து முட்டையை உடைத்து எடை போட்டு, அதே எடைக்கு மற்ற மூன்றையும் எடுப்பது. எட்டு அங்குல டின்னுக்குச் சரியாக இருக்கும்.

வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும். மோர் நிறம் போகும்வரை குளிர்ந்த நீரில் பிசைந்து கழுவி, நீரை நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். பாட்டிமார் விடியற்காலையில் மாவடித்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர் வெயிலில் வெண்ணெய் உருகிவிடும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், எண்ணெயாகப் பளபளக்கக் கூடாது. பொடித்த சீனியோடு வெளுக்கும்வரை, கையால் என்றால் அரை மணி நேரம், அடிக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பார்கள். பக்கம் முக்கியமில்லை, நிறுத்தாமல் அடிப்பதுதான் முக்கியம். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது திரிந்தால் ஒரு கரண்டி மைதா போட்டால் கூடிவரும்.

அவர்களுடைய உண்மையான வித்தை நெருப்பில் இருந்தது. குமுட்டி அடுப்பில் அகலமான தேக்சா, அதில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணல். கால் மணி நேரம் சூடேறியதும் மூன்று சல்லிக்கல் வைத்து, அதன்மேல் கேக் டின். மூடியாக ஒரு தகரத் தட்டு, தட்டின்மேல் சிரட்டைத் தணல். கீழே ஒரு பங்கு என்றால் மேலே இரண்டு பங்கு. சூடு மேல்நோக்கிப் போவதாலும், மணல் தன் சூட்டை விடாமல் வைத்திருப்பதாலும், கீழே கூடினால் மேல்பக்கம் வேகும் முன்பே அடி கருகிவிடும். தட்டின் நடுவில் தணலைக் குவித்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகி, உள்ளே பொங்கும் மாவு அதைப் பிளந்துகொண்டு வரும். அதனால் தணலை ஓரத்தில் வளையமாகப் பரப்புவார்கள். முதல் இருபது நிமிடம் நீறு பூத்தபடியே இருக்கும். பிறகு விசிறிச் சாம்பலை ஊதிவிட்டால் மேல்பக்கம் சிவக்கத் தொடங்கும்.

இன்றைய ஓவனில் 160 டிகிரி, 50 முதல் 60 நிமிடம். தணலில் வேலை செய்தவர்களுக்குக் கடிகாரம் மூக்குதான். வெண்ணெய் வாசம் வந்தால் பாதி வழி. சீனி சிவக்கும் வாசம் வந்த பிறகுதான் தட்டைத் தூக்கி நடுவில் ஒரு தென்னை ஈர்க்கைக் குத்திப் பார்ப்பார்கள். ஈரமாக வந்தால், கீழே உள்ள தணலைப் பாதி வாரிவிட்டு மறுபடி மூடுவார்கள்.