கொலுவில் பல்லி சொன்ன கதை

கொலுப்படிக்கு எல்ஈடி ஸ்ட்ரிப், அதாவது விளக்குப் பட்டை, ஒட்டுகிறேன் என்று போன நவராத்திரியில் நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன். ஐந்து படி, ஐந்து மீட்டர் ரோல், 12 வோல்ட். பரணில் துழாவியதில் பழைய மோடத்தின் அடாப்டர் கிடைத்தது. அதிலும் 12 வோல்ட் என்றே போட்டிருந்தது. பத்துப் பொருத்தத்தில் ஒன்றை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடித்துவிட்டேன்.

ஸ்விட்சைப் போட்டதும் படிகள் பளிச்சென்று மின்னின. அணைந்தன. மறுபடி மின்னின. படிக்குப் பின்னாலிருந்து 'டிக்... டிக்' என்று ஒரு சத்தம் வேறு.

"பல்லி சொல்லுதுடா, நல்ல சகுனம்!" அம்மா விரலால் தரையைத் தட்டி "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றார். சுண்டலுக்கு வந்த பக்கத்து வீட்டு மாமி, "அட, கண்ணு சிமிட்டுதே! ரிமோட்டா?" என்றார். ஆமாம் என்றேன். வாயில் சுண்டல் இருப்பவரிடம் எதற்கு வீண் விளக்கம்?

மறுநாள் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெரு. கடைத் தம்பி அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார். அதால் தர முடிந்த கரண்ட் வெறும் 1 ஆம்ப். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அப்புறம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். என்னுடையது 5050 ரகம், மீட்டருக்கு 60 பல்பு. மீட்டருக்கு 14.4 வாட் என்றால் ஐந்து மீட்டருக்கு 72 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 6 ஆம்ப்.

"லோடு தாங்காம அதுவே ஆஃப் ஆயிடும் சார். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு மறுபடி ட்ரை பண்ணும். அதான் டிக் டிக்."

"அப்போ 6 ஆம்ப் கொடுங்க."

"சரியா ஆறு வாங்காதீங்க, 20 சதவீதமாவது கூட இருக்கணும். 10 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் எடுத்துக்குங்க, தகரப் பெட்டியில வர்ற பெரிய அடாப்டர்தான்."

பத்து ஆம்ப் பாய்ந்தால் பட்டை பொசுங்கிவிடாதா என்று கேட்டேன். "வோல்ட் கூடினாத்தான் பொசுங்கும். ஆம்ப்ஸ், அது வேணுங்கிறதை மட்டும் இழுத்துக்கும்." குண்டான் நிறைய சோறு இருந்தாலும் நாம் பசிக்குத்தானே சாப்பிடுகிறோம். நான் அப்படிச் சாப்பிடுவதில்லை, அது வேறு விஷயம்.

ஓட்டை போட்ட தகரப் பெட்டியை வாங்கிவந்து, வீட்டுக் கரண்ட் ஏறும் திருகுகளில் குழந்தைகள் கை படாதபடி மூடி, பின்னால் காற்றோட்டமாக வைத்தேன். சிமிட்டல் நின்றது. ஆனால் கீழ்ப்படிச் செட்டியார் கடை ஜெகஜோதியாக இருக்க, மேல்படிச் சாமிகள் மங்கலாகத் தெரிந்தார்கள். நீள ஓட்டத்தில் வோல்ட் வழியிலேயே கரைந்துவிடுகிறதாம். பெட்டியிலிருந்து மேல் முனைக்கும் தனியாக ஒரு வயர் இழுத்ததும் சாமிகளுக்கும் வெளிச்சம் வந்தது.

அம்மாவுக்குத்தான் மனசே சரியில்லை. "ரெண்டு நாளா பல்லி சத்தத்தையே காணோமேடா. நீ வச்ச டப்பாவுக்குள்ள போய் மாட்டிக்கிச்சோ?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு படிக்குப் பின்னால் போய்த் தேடினேன்.