எப்போது பிரிய வேண்டும் என்று யார் சொன்னது?

பிளஸ் டூவில் தாவரவியல் எடுத்த சார்வாளுக்குப் புத்தகத்துப் படம் போதாது. பாளை மார்க்கெட்டிலிருந்து பல்லாரி வெங்காயம் வாங்கிவந்து, தண்ணீர் நிறைத்த பாட்டில் வாயில் வைத்து வேர் விடச் செய்வார். வேர்நுனியைக் கிள்ளி, அமிலத்தில் போட்டெடுத்து, அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டுவார். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்சிலிப்பின் மேல் பெருவிரலை வைக்கும் முறை எங்களுக்கு. "வழுக்காம நேரா அமுக்குல!" மைக்ரோஸ்கோப்பில், இரண்டாகப் பிரியும் செல்லுக்குள், ஜீன்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் சிவந்து இரண்டு பக்கமாக விலகி நிற்கும். "எப்பப் பிரியணும்னு அதுக்கு யாருல சொன்னா?" என்பார். வகுப்பே முழிக்கும். அவரும் பதில் சொல்ல மாட்டார்.

இன்று செல்லைச் செய்துபார்த்தே அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனத்தார் ஒரு மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவின் முழு டி.என்.ஏ.வையும் வேதிமுறையில் தயாரித்து, அதற்கு நெருங்கிய இன்னொரு பாக்டீரியாவுக்குள் செலுத்தி இயங்க வைத்தார்கள். இரண்டுமே ஆட்டுக்கு நோய் தரும் வகை. வயலில் கிடை ஆடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி அப்படியே ஒட்டிக்கொண்டது.

2016-ல் அதே நிறுவனத்தார் அந்தச் செல்லில் வேண்டாத ஜீன்களைக் களைந்து 473 ஜீன்களோடு நிறுத்தினார்கள். அதில் 149-க்கு என்ன வேலை என்றே அப்போது தெரியவில்லை. அந்தச் செல் வளர்ந்தது, பெருகியது. ஆனால் பிரிந்தவை ஒன்று பெரிது, ஒன்று சிறிது, சில நூலாக நீண்டன. 2021-ல் 19 ஜீன்களைத் திருப்பிச் சேர்த்த வகையில் பிரிதல் ஒழுங்காக நடந்தது. அந்த 19-ல் ஒழுங்கான பிரிதலுக்கு வேண்டியவை 7; அவற்றிலும் பெரும்பாலானவை என்ன செய்கின்றன என்பது புரியவில்லை. சார்வாளின் கேள்வி எவ்வளவு ஆழமானது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்புறம், உயிரில்லாத பொருளிலிருந்தே தொடங்குகிறவர்களும் உண்டு. விஞ்ஞானி ஜாக் சோஸ்டாக் குழுவினர் 2009-ல் கொழுப்பமிலக் குமிழிகளுக்கு மேலும் கொழுப்பமிலம் ஊட்டினார்கள். அவை இழையாக நீண்டு, லேசாக அசைத்ததும் பல குமிழிகளாகப் பிரிந்தன. ஜீனே இல்லாமல் வளர்ச்சியும் பிரிதலும்! ஆனால் தன் புரதங்களைத் தானே செய்து, டி.என்.ஏ.வைப் படியெடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பிரியும் செல்லை இப்படி அடியிலிருந்து இன்னும் யாரும் கட்டி முடிக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அதில் நிறைய வேலை மிச்சம் இருக்கிறது.

நாங்கள் படித்த பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று பழைய மாணவர் சங்கம் கேட்டிருக்கிறது. ஸ்மார்ட் போர்டு வரட்டும், சரி. அதற்கு முன்னால் நல்ல லென்ஸோடு மைக்ரோஸ்கோப்புகள் வேண்டும். அன்று ஒரே கருவி முன்னால் வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்போம். மணி அடித்தால் பின்னால் நின்றவர்கள் பார்க்காமலே போவார்கள். என் பங்கை அனுப்புகிறேன். மற்றவர்களும் செயலாளரிடம் சொல்லுங்கள்.