கொள்ளின்மேல் விழுந்த பழி

ஊட்டியில் நான் பராமரிக்கும் 11 வயதுப் பெண் குதிரை சென்ற மழைக்காலம் முழுவதும் இருமிக்கொண்டிருந்தது. தீவனம் வைத்த சிறிது நேரத்திலேயே இருமல் தொடங்கியதால், கொள்ளுதான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவுகட்டி, அவித்த கொள்ளை நிறுத்திவிட்டுக் கோதுமைத் தவிடு வைத்தேன். மூன்று வாரம் கடந்தும் இருமல் குறையவில்லை. தவிட்டை நனைக்காமல் வைத்த நாள்களில் கூடவே செய்தது.

வந்து பார்த்த கால்நடை மருத்துவர் முதலில் உலர்புல் கட்டு ஒன்றைப் பிரித்து உதறச் சொன்னார். சன்னல் வெளிச்சத்தில் சாம்பல் நிறத் தூசி புகைபோல் எழுந்தது. ஈரம் முழுவதும் காயாமல் கட்டப்பட்ட புல்லில் பூஞ்சை பிடித்திருந்தது.

குதிரைகளுக்கு உணவு ஒவ்வாமை அரிதாகவே வருகிறது. வந்தாலும் அது பெரும்பாலும் தோலில் தடிப்பாகவோ அரிப்பாகவோ தெரியும். அதை உறுதிசெய்ய, ஐயத்துக்குரிய தீவனத்தைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. இரத்தப் பரிசோதனையை நம்பித் தீவனத்தை மாற்றுவது சரியன்று. இருமலுக்கு வேறு காரணம் இருந்தது. குதிரையால் வாய்வழியாக மூச்சுவிட முடியாது என்பதால், புல்லுக்குள் முகத்தைப் புதைத்துத் தின்னும்போது பூஞ்சை வித்துகளும் தூசியும் மூக்கின் வழியாகவே உள்ளே போகின்றன. நுரையீரலின் மூச்சுக்குழல்கள் அழற்சியால் வீங்கி, சுருங்கி, சளியால் அடைபடுகின்றன. மருத்துவர்கள் இதைக் குதிரை ஆஸ்துமா என்கிறார்கள். அமைதியாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிட வேண்டும்; எங்கள் குதிரை அன்று 28 முறை விட்டது. மூச்சை வெளியே தள்ள வயிற்றுத் தசை ஓயாமல் உழைத்ததால், விலாவின் கீழ் ஓரமாக ஒரு கோடு பள்ளம்போல் விழுந்திருந்தது. அவ்வளவு பாடுபட்ட உயிரைப் பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தும் கொடுத்தோம். ஆனால் தூசியைக் குறைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்தால், நிறுத்தியவுடன் நோய் திரும்பிவிடும். பூஞ்சை பிடித்த கட்டுகளை வெளியேற்றினோம். நல்ல புல்லையும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஈரம் காய்வதற்குள் தரையில் வைக்கிறோம். தலை தாழ்ந்திருந்தால் சளி எளிதாக வடியும். லாயத்தைக் கூட்டும்போது குதிரை வெளியே மேய்ச்சலில் நிற்கும். பக்கத்துக் கொட்டடியிலிருந்து வரும் தூசியும் போதும் என்பதால், அங்கும் இதே முறைதான்.

ஆறாவது வாரம் இருமல் நின்றது. அவித்த கொள்ளு மீண்டும் அதன் தொட்டிக்கு வந்துவிட்டது. இப்போது தினமும் காலையில், தீவனம் வைப்பதற்கு முன், அதன் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுகிறேன், இன்று 12.