பட்டாக்காரருக்கு வரும் பணம்

குடியாத்தம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கழனி இருக்கிறது. எட்டு ஆண்டுகளாக அதைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவர், நான் அக்கா என்று அழைக்கும் பக்கத்துத் தெருப் பெண்மணி. பட்டா மட்டும் என் அப்பா பெயரில் இருக்கிறது. ஆகவே பி.எம். கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை, வேலூரில் எங்களோடு குடியிருக்கும் அப்பாவின் கணக்கில் ஏறுகிறது. 2019இல் தொடங்கி ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் அத்திட்டம் நிலம் உள்ள குடும்பங்களுக்கானது. அடுத்தவர் நிலத்தில் பாடுபடுகிறவர் அதன் கணக்கில் விவசாயியே அல்லர்.

சென்ற தை மாதம் நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு அக்கா நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனார். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவும், அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் கேட்டார்கள். "கழனி என்னுது இல்லீங்க, நெல்லு என்னுது" என்று சொல்லிப் பார்த்தார். அன்று மாலையே வியாபாரி கேட்ட விலைக்கு மூட்டைகள் வண்டியேறின.

கூட்டுறவுக் கடனுக்கும் அதே காகிதம்தான். 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டபோது, சங்கத்தில் கடனே வாங்க முடியாத அக்கா அடகு நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

விவசாயத்துக்குக் கிடைக்கும் இலவச மின்சாரமும் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1970களில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லோருக்கும் அது கிடைத்தது. பாலாறு வறண்டு கேணியையே நம்பியிருக்கும் வடஆற்காட்டில் அது இல்லாமல் விவசாயம் இல்லை. ஆனால் அன்று திரண்டு நின்றவர்கள் பம்புசெட்டு வைத்திருந்தவர்கள். குத்தகைக்காரர் அப்படித் திரண்டால் அடுத்த போகத்துக்கு அவருக்கு நிலம் கிடைக்காது என்பதால், எந்தக் கட்சிக்கும் அவர் ஓர் அணியாகக் கண்ணில் படுவதில்லை.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய இங்கே 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு நெலம் நம்ம கைக்குத் திரும்புமாடா?" என்றார். அது பேராசையல்ல, அச்சம். ஆந்திராவில், நமக்கு அடுத்திருக்கும் சித்தூரிலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினொரு மாத ஒப்பந்தத்தின்பேரில் குத்தகைக்குப் பயிரிடுபவருக்கு, பயிரிடுபவர் அவர்தான் என்று காட்டும் அட்டை தருகிறார்கள். நில உரிமையை அது தொடுவதில்லை. நிலக்காரர் கையெழுத்து அங்கும் தேவைப்பட்டது என்பது பெரிய குறை. ஆனாலும் அப்படியொரு சட்டம் நம்மிடம் இருந்திருந்தால், அன்று அப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருப்பேன்.