ஆடி பிறப்பதற்குள் ஒரு ஃபிரேம்

ஜூலை 4, 2025, வெள்ளி

பழைய சைக்கிள் ஃபிரேம் ஒன்றை விற்கும் ஓசூர்க்காரர் ஆறு படங்கள் அனுப்பியிருக்கிறார். நான் கேட்டிருந்தது ஏழாவது படம். ஹேண்டில்பாரிலிருந்து பெடல் பக்கம் சரியும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தில், அது முன்னால் சேரும் பூணான ஹெட் லக்கிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியிருக்கும் இடத்தை மட்டும் விற்பவர் எவரும் படம் எடுப்பதில்லை.

ஜூலை 5, சனி

முழங்கால் இன்று பதினொரு படிகள் வரை தாங்கியது.

ஜூலை 6, ஞாயிறு

ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். லக் வைத்துப் பற்றவைத்த எஃகு ஃபிரேம், 56 சென்டிமீட்டர். எனக்கு 54 போதும் என்றாலும் சீட்டைச் சற்று இறக்கிக்கொள்ளலாம் என்று காலையிலிருந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சீட் டியூபில் ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டிக்கர் இருக்கிறது. பர்மிங்காமில் 1935இல் அறிமுகமான மாங்கனீசு-மாலிப்டினம் எஃகு அது. இன்றைக்கும் அந்த எண்ணைப் பார்த்தால் பழைய சைக்கிள் பித்தர்களின் கண் விரிந்துவிடும். ஆனால் ஸ்டிக்கரை எவரும் அச்சடிக்கலாம், எந்தக் குழாயிலும் ஒட்டலாம். குழாயைத்தான் கேட்க வேண்டும். சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. என்றால், அதற்குள் சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் 27.2 மி.மீ. அளவில் இறங்கும் ஃபிரேம் மெல்லிய, நல்ல குழாயால் ஆனது என்று பெரும்பாலும் நம்பலாம், 26.4தான் இறங்குகிறது என்றால் குழாய்ச் சுவர் தடிமன், ஸ்டிக்கர் பொய். ஐ.டி.ஐ. படிக்கும் அக்கா மகனிடம் விட்டம் அளக்கும் வெர்னியர் கேட்டிருக்கிறேன்.

படங்களில் ஃபிரேம் கரும்பச்சை, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கறுப்பு. ஏன் கறுப்பு?

ஜூலை 7, திங்கள்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சைக்கிள் கடைப் பெரியவரிடம் படங்களைக் காட்டினேன். இந்தப் பணத்துக்குச் செயின் கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் வைத்த புது சைக்கிளே வருமே சார் என்றார். அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் அவரே சிறிது நேரம் கழித்து, பின்சக்கரம் மாட்டும் இடத்தில் இடைவெளி எவ்வளவு என்று கேட்டார். 126 மி.மீ. என்றேன், கட்டிலுக்கு அடியில் எட்டு மாதமாகக் கிடக்கும் என் சக்கரங்களின் ஹப் 130. எஃகுதானே, பக்கத்துக்கு இரண்டு இரண்டாக விரித்துவிடலாம், அலுமினியமாக இருந்தால் தொடவே மாட்டேன் என்றார். கோட்டம் எடுத்தே காய்த்துப்போன கைகள் அவருடையவை. அந்தக் கைகளை நம்பலாம்.

ஃபோர்க் ஏன் கறுப்பு என்று அவரும் கேட்டார்.

ஜூலை 9, புதன்

ஏழாவது படம் வந்தது. இருட்டாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

வாங்குவதென்றால் அடுத்த புதன்கிழமைக்குள் வாங்கிவிடு, வியாழன் ஆடி பிறக்கிறது, ஆடியில் வீட்டுக்குப் புதுச் சாமான் வரக் கூடாது என்கிறார் அம்மா. இது பழைய சாமான்தானே என்றேன். அதைவிடக் கெடுதல் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஆடி பதினெட்டு அன்று ஒகேனக்கல்லில் இருக்க வேண்டும். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரத்தைத் தாண்டியதும் காட்டுக்குள் இறக்கம். அந்த இறக்கத்தில் டவுன் டியூப் லக்கை ஒட்டி விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு இரவுகளாக மிகத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போய்வந்தேன். பேருந்தின் பின் இருக்கை வரை தக்காளிப் பெட்டிகள். காலை நீட்ட இடமில்லை.

சீட் போஸ்ட்டில் வைத்த வெர்னியர் 27.2 காட்டியது. மூன்று முறை வைத்துப் பார்த்தேன், மூன்று முறையும் 27.2. ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது. என் முகம் மலர்ந்ததை ஓசூர்க்காரர் பார்த்துவிட்டார். அதன் பிறகு விலை இறங்கவே இல்லை. பிறகு போஸ்ட்டைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. போல்ட்டைக் கழற்றிவிட்டு இருவருமாகச் சேர்ந்து திருகினோம், அப்போதும் அசையவில்லை. நூல் கட்டினேன்: பின் முனையிலிருந்து ஹெட் டியூபைச் சுற்றி மறு முனைக்கு இழுத்துக் கட்டி, சீட் டியூபிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தை அளந்தால் இடப்பக்கம் 29, வலப்பக்கம் 31. விரிக்கும்போது பெரியவர் இதைச் சரிசெய்துவிடுவார். நூல் பின்பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லும், முன்பக்கத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கடைசியாக ஃபிரேமைக் கவிழ்த்து, டவுன் டியூபின் அடிப்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். லக்கைத் தாண்டியதும் ஒரு மேடு தட்டியது, அரிசியின் பாதி உயரம்கூட இருக்காது. மறுபடி ஓட்டினேன், தட்டவில்லை. மூன்றாம் முறை எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெயின்ட் வழிந்து உறைந்தது சார் என்றார். ஃபோர்க்கைப் பற்றிக் கேட்டதற்கு, தன்னிடம் வரும்போதே அப்படித்தான் வந்தது என்றார். எதன்மீதாவது நேராக மோதிய சைக்கிளுக்குத்தான் ஃபோர்க் மாற்றுவார்கள், அதே மோதலில்தான் அந்த இடத்தில் குழாய் புடைக்கும் என்று சொல்ல வாயெடுத்து, தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

விரலுக்குப் பயிற்சி கொடுத்தேன். பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற இருபது சைக்கிள்களின் டவுன் டியூபையும் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். பத்தொன்பதில் எதுவும் தட்டவில்லை. ஒன்றில் தட்டியது, கண்ணைத் திறந்து பார்த்தேன், காய்ந்த சேறு. ஸ்டாண்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை.

ஜூலை 14, திங்கள்

எஃகுக் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் இருந்தால் அரித்து, அந்த உப்பு பருத்து, குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவிடலாம். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும் என்பதால், போஸ்ட்டுக்குள் ஐஸ் நிரப்பித் திருகிப் பார்க்கலாம். எதற்கும் மசியவில்லை என்றால் காஸ்டிக் சோடா இருக்கிறது. அலுமினியத்தைக் கரைக்கும், எஃகைத் தொடாது, ஆனால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கண்ணில் பட்டால் கண் போய்விடும், மொட்டை மாடியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். மாடிக்குப் பதினெட்டுப் படிகள்.

போஸ்ட்டுக்கு இத்தனை மருந்து இருக்கிறது, புடைப்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் குழாயையே மாற்றினால்தான் உண்டு.

ஜூலை 15, செவ்வாய்

வெள்ளிக்கிழமை முழங்காலை மறுபடியும் படம் எடுக்க வேண்டுமாம். அதிலும் ஒன்றும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பன்னிரண்டு படிகள்.

ஜூலை 16, புதன்

காலையில் ஓசூர்க்காரரே கூப்பிட்டார். மாலை பெங்களூரிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறாராம், எனக்கென்றால் ஐயாயிரத்து எண்ணூறுக்குத் தருகிறாராம். சனிக்கிழமை ஒரு ரூபாய்கூடக் குறைக்காதவர். விலையை இறக்கியதும் அந்த மேடு உறுதியாகிவிட்டது போல இருந்தது. பிறகு, ஆளை அவசரப்படுத்துவதற்கு எல்லா வியாபாரியும் இதைத்தானே செய்வார் என்றும் இருந்தது. பெரியவரிடம் போனேன். நான் தொட்டுப் பார்த்தால் சொல்லிவிடுவேன் சார், போட்டோவை எப்படித் தொடுவது என்றார். அப்படியானால் கூட வாருங்கள் என்றேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்.

மூன்று மணிப் பேருந்தில் இருக்கிறோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார், கை மடிமேல் திறந்து கிடக்கிறது. பாலக்கோட்டில் ஆள் ஏற்றுகிறார்கள். ஓசூர்க்காரரை இரண்டு முறை அழைத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.